பழைய சர்வரிலிருந்து ஃபைலை எடுக்க: சில பயனுள்ள குறிப்புகள்

டெல்லித் தமிழர் வீடுகளில் இப்போது எல்லா ஃபைலும் லேப்டாப்புக்குள்ளேயே இருப்பதில்லை. முனிர்காவில் அறையெடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் தரவு துறையின் லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. கரோல் பாக் ஆடிட்டர் அலுவலகத்தில் விண்டோஸ் 7 ஓடும் பெட்டியில் பல வருடத்து டாலி கணக்கு இருக்கிறது. மயூர் விஹாரில் ஓய்வுபெற்றவர் ஒருவர் நேரு பிளேஸில் வாங்கிவந்த நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க்) பெட்டியில் கல்யாணப் படம், பேரன் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

நம் லேப்டாப் தானாக அப்டேட் ஆகிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கத்து சர்வரோ வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஒருநாள் காலையில், நேற்றுவரை திறந்த ஃபோல்டர் திறக்க மறுக்கிறது. சர்வரை மாற்ற நமக்கு அதிகாரம் இருக்காது, அல்லது அதற்குப் பணம் இருக்காது. அந்த நிலையில் உதவக்கூடியவை இவை. இவற்றில் எதைச் செய்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டாம்: தளர்த்துவது அந்த ஒரு சர்வருக்காக மட்டும் இருக்கட்டும், வீட்டிலுள்ள மற்ற கருவிகளின் பாதுகாப்பில் கை வைக்க வேண்டாம்.

1. முதலில் சர்வரின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். தொலை சர்வருக்குள் நுழையும் எஸ்.எஸ்.ஹெச். கட்டளையோடு சின்ன 'வி' சேர்த்து இணைத்தால், திரையில் ஓடும் வரிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கத்து மென்பொருளின் பெயரும் பதிப்பும் வரும். ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். 5.3 என்றிருந்தால் பெரும்பாலும் சென்ட்ஓ.எஸ். 6, அதற்கு ஆதரவு 2020 நவம்பர் 30-ல் முடிந்தது. 7.4 என்றால் சென்ட்ஓ.எஸ். 7, அதுவும் 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் பகிர்வு என்றால் பவர்ஷெல்லில் 'கெட்-எஸ்.எம்.பி.கனெக்‌ஷன்' கட்டளை கொடுத்து 'டயலெக்ட்' என்ற பத்தியைப் பாருங்கள். 2-க்குக் கீழே இருந்தால் 11-ஆம் குறிப்புக்குப் போய்விடலாம். பதிப்பு எண் பழையதாக இருப்பதாலேயே சர்வரை மோசமென்று தீர்மானிக்கவும் வேண்டாம். ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளே சேர்த்துவிடும்.

2. பிழைச் செய்தியை அப்படியே எழுதி வையுங்கள். "கனெக்ட் ஆகவில்லை" என்று நிர்வாகியிடம் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 'நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப்' என்று வந்தால், 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். 8.8, எஸ்.ஹெச்.ஏ.-1 கொண்டு போடும் ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தை நிறுத்தியதே பெரும்பாலும் காரணம். 'கீ எக்ஸ்சேஞ்ச் மெத்தட்' பொருந்தவில்லை என்று வந்தால், 2015-ல் வந்த 7.0 பதிப்பு கைவிட்ட பழைய டிஃபி-ஹெல்மன் முறையை மட்டுமே அந்த சர்வர் அறிந்திருக்கிறது என்று பொருள்.

3. இதற்கு மருந்து உங்கள் பக்கத்திலேயே, எஸ்.எஸ்.ஹெச். கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. அந்த சர்வரின் பெயரில் தனியாக ஒரு 'ஹோஸ்ட்' பகுதி திறந்து, அதற்குள் மட்டும் அது கேட்கும் பழைய முறையைக் கூட்டல் குறியோடு சேர்த்தால் போதும். நட்சத்திரக் குறி போட்ட பொதுப் பகுதியில் இதை எழுதவே கூடாது. அங்கே எழுதினால் உங்கள் லேப்டாப் இணையும் அத்தனை சர்வரிடமும் பழைய முறையை ஏற்கத் தயாராக நிற்கும். ஃபைலில் அந்த வரிக்கு மேலே, எந்தத் தேதியில் யாருக்காகச் சேர்த்தீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் குறிப்பு கட்டாயம் உதவும்.

4. இன்னும் பழையது, டி.எஸ்.ஏ. சாவி மட்டுமே தெரிந்த சர்வர். 2025 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். 10.0 டி.எஸ்.ஏ.வை முழுவதுமாக அகற்றிவிட்டது. அங்கே கான்ஃபிக்கில் எதை எழுதியும் பயனில்லை. அதற்காக லேப்டாப் மென்பொருளைப் பின்னுக்கு இறக்க வேண்டாம். விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் பழைய லினக்ஸைப் போட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதைத் திறந்து மூடுங்கள். டெபியன் பயன்படுத்துபவர்களுக்கு 'ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச்.-கிளையன்ட்-எஸ்.எஸ்.ஹெச்.1' என்று இதற்கு உதவும் தனித் தொகுப்பு இருக்கிறது.

5. பழைய சர்வருக்குத் தனிச் சாவி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லோரும் உருவாக்கும் 'ஈடி25519' வகைச் சாவி 2014-ல் வந்த 6.5 பதிப்பிலிருந்துதான் செல்லும். அதற்கு முந்தைய சர்வருக்கு நீளமான ஆர்.எஸ்.ஏ. சாவி ஒன்றைப் புதிதாக உருவாக்குங்கள். அதே சாவியை வேறு எங்கும் பயன்படுத்த வேண்டாம்.

6. எஸ்.எஸ்.ஹெச்.எஃப்.எஸ். வழியாகத் தொலை ஃபோல்டரை லேப்டாப்பில் மவுன்ட் செய்பவர்களைப் பெரிதும் குழப்புவது, ஃபைல் திறக்கிறது, ஆனால் சேமிக்க மறுக்கிறது என்பதுதான். நீங்கள் 'சேவ்' அழுத்தும்போது பல எடிட்டர்கள் பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி முடித்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. எஸ்.எஸ்.ஹெச்.எஃப்.எஸ். பயன்படுத்தும் எஸ்.எஃப்.டி.பி. நெறிமுறையின் 3-ஆம் பதிப்பில், ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கும் பெயரை இன்னொன்றுக்குச் சூட்டப் போனால் சர்வர் மறுத்துவிடும். ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். இதற்கு 2008-ல் ஒரு நீட்சியைச் சேர்த்தது. அதற்கு முந்தைய சர்வர்களிலும், ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். அல்லாத வேறு எஸ்.எஃப்.டி.பி. மென்பொருள் ஓடும் சில பெட்டிகளிலும் அந்த நீட்சி இருக்காது.

மவுன்ட் செய்யும்போது 'வொர்க்அரவுண்ட்' என்ற விருப்பத்தில் 'ரீநேம்' என்று கொடுங்கள். அப்போது எஸ்.எஸ்.ஹெச்.எஃப்.எஸ். பழைய ஃபைலை முதலில் வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைத்து, பிறகு பழையதை அழிக்கும். ஒரே அடியில் நடக்க வேண்டியது மூன்று படியாக நடப்பதால், நடுவில் இணைப்பு அறுந்தால் ஃபைல் விசித்திரமான பெயரோடு கிடக்கலாம். தொலைந்துவிட்டதென்று பதறாமல் அதே ஃபோல்டரில் தேடுங்கள். 'விம்' எடிட்டர் பயன்படுத்துபவர்கள் 'பேக்கப்காப்பி' அமைப்பை 'யெஸ்' என்று வைத்தால் பழைய ஃபைலின் மேலேயே எழுதும், பெயர் மாற்றும் சிக்கலே எழாது.

இதே விருப்பத்தில் 'ட்ரங்கேட்' என்றும் ஒன்று உண்டு. ஃபைலின் நீளத்தைக் குறைக்கத் தெரியாத சர்வருக்கு அது. ஆனால் முழு ஃபைலையும் இங்கே இறக்கி, வெட்டி, மறுபடி ஏற்றும். பல ஜி.பி. தரவு ஃபைலில் இதைச் செய்தால் வீட்டு இணையம் திணறிவிடும். தேவையில்லாமல் போட வேண்டாம்.

7. அதிகம் பேருக்குத் தெரியாத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சர்வர் உங்களுடையதல்ல, ஆனால் அதில் உங்கள் ஹோம் ஃபோல்டர் உங்களுடையது. ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். மூலக்கோப்புகளைக் கொண்டுபோய், அந்த சர்வரிலேயே எஸ்.எஃப்.டி.பி. சர்வர் நிரலை மட்டும் கம்பைல் செய்து ஹோம் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம். பிறகு எஸ்.எஸ்.ஹெச்.எஃப்.எஸ்.-இல் 'எஸ்.எஃப்.டி.பி. சர்வர்' விருப்பத்துக்கு அந்த நிரலின் முழுப் பாதையைக் கொடுத்தால், சர்வரில் ஏற்கெனவே உள்ள பழையதை விட்டுவிட்டு உங்களுடையதை இயக்கும். ரூட் அனுமதி தேவையில்லை, மற்ற பயனர்களுக்கும் இதனால் எந்த மாற்றமும் இல்லை. மிகப் புதிய பதிப்பு பழைய கம்பைலரில் ஏறாமல் போகலாம். சர்வரைவிடச் சில வருடம் மட்டும் புதியதாக உள்ள பதிப்பை எடுங்கள். நிர்வாகியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. சொந்த நிரல்களை ஓட்டக்கூடாதென்று சில நிறுவனங்களில் விதி உண்டு.

8. மவுன்ட் செய்த ஃபோல்டரில் கிட், கம்பைல், பெரிய தேடல் ஆகியவற்றை நடத்த வேண்டாம். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் சர்வர்வரை போய்வர வேண்டியிருக்கும். சர்வருக்குள் நுழைந்து அங்கேயே நடத்துங்கள். மவுன்ட் படிக்கவும் திருத்தவும் மட்டும் இருக்கட்டும். ஃபைல் மேனேஜரில் தொலை ஃபோல்டருக்குச் சிறுபடம் காட்டுவதையும் அணைத்து வையுங்கள்.

9. வி.எஸ். கோட் திடீரென்று சர்வரோடு பேச மறுக்கிறதா? 2025 மார்ச் மாத வெளியீடான 1.99-லிருந்து அதன் ரிமோட் வசதி, சர்வரில் ஜி-லிப்-சி 2.28 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டுமென்று கேட்கிறது. சென்ட்ஓ.எஸ். 7-ல் இருப்பது 2.17. ஆய்வுக்கூட சர்வரில் ஜி-லிப்-சி-யை மேம்படுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். அதை நம்பித்தான் மொத்த இயங்குதளமும் நிற்கிறது. எஸ்.எஸ்.ஹெச்.எஃப்.எஸ். வழியாக ஃபோல்டரை மவுன்ட் செய்து, வி.எஸ். கோடை லேப்டாப்பில் சாதாரணமாகத் திறந்து எழுதுங்கள். ஓட்டிப் பார்ப்பதை மட்டும் தனி டெர்மினலில் சர்வருக்குள் செய்யலாம்.

இத்தகைய பழைய சர்வர்கள் சோம்பலால் மட்டும் நீடிப்பதில்லை. டெல்லிக்கு நல்ல புதிய இயந்திரங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஜே.என்.யு. பக்கத்தில் இருக்கும் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் 2024 செப்டம்பர் 26 அன்று பரம் ருத்ரா சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் ஓர் ஆய்வுக் கருவியின் மென்பொருள் குறிப்பிட்ட லினக்ஸ் பதிப்பில் மட்டும் ஓடுமென்றால், அந்தக் கருவி இருக்கும்வரை அந்தப் பதிப்பும் இருக்கும். இதைப் புரிந்துகொண்டு நிர்வாகியிடம் பேசினால் பாதி வேலை முடியும். அவர் மீது கோபப்படுவதில் நியாயமில்லை.

10. 'எஸ்.சி.பி.' கட்டளை பழைய சர்வரில் தோற்றால் பெரிய எழுத்து 'ஓ' சேர்த்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்.எஸ்.ஹெச். 9.0 பதிப்பிலிருந்து அது உள்ளுக்குள் எஸ்.எஃப்.டி.பி.யைப் பயன்படுத்துகிறது. பெரிய 'ஓ' பழைய முறைக்குத் திருப்பும்.

11. இனி வீட்டு நாஸ், ரூட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க், அலுவலகத்துப் பழைய விண்டோஸ் பகிர்வு ஆகியவற்றின் கதை. இவை பேசுவது எஸ்.எம்.பி. நெறிமுறை. அதன் முதல் பதிப்பிலிருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ல் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடாத கணினிகளில் மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்தது. பிரிட்டனின் மருத்துவமனைகள் முதல் ஆந்திர போலீஸ் கணினிகள்வரை பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.1 தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸ் பக்கத்தில் எஸ்.எம்.பி. பேசும் மென்பொருளான சாம்பா 4.11 அதை 2019-ல் அணைத்தது.

'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் டிக் போட்டால் எஸ்.எம்.பி.1 திரும்ப வந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்லித் தருகிறார்கள். வரும்தான். ஆனால் அந்த டிக் போட்டிருக்கும் நாளெல்லாம் உங்கள் லேப்டாப் ஓட்டல், விமான நிலையம் எங்கு போனாலும் பழைய நெறிமுறையில் பேசத் தயாராக இருக்கும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் நாஸின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எஸ்.எம்.பி. 2 அல்லது 3 உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதை நிறையப் பெட்டிகளில் பார்க்கலாம். அது இல்லையென்றால் எஸ்.எஃப்.டி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைல்ஸில்லா, வின்எஸ்.சி.பி. போன்ற இலவச நிரல்கள் போதும்.

12. எஸ்.எம்.பி.1 தவிர வேறெதுவும் தெரியாத பெட்டி என்றால், நடுவில் ஓர் இடையாளை நிறுத்துங்கள். ராஸ்ப்பெரி பை அல்லது தூக்கிப் போட வைத்திருக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றுங்கள். அது நாஸை எஸ்.எம்.பி. 1.0 என்று குறிப்பிட்டு, படிக்க மட்டும் அனுமதியோடு மவுன்ட் செய்யட்டும். அந்த ஃபோல்டரையே சாம்பா வழியாக எஸ்.எம்.பி. 3-ல் வீட்டுக்குப் பகிரட்டும். அப்பாவின் லேப்டாப்பும் அம்மாவின் போனும் இடையாளோடு மட்டும் பேசும். முடிந்தால் நாஸை நேரடியாக இடையாளின் ஈதர்நெட் துளையிலேயே செருகிவிடுங்கள். அப்போது வீட்டு நெட்வொர்க்கிலிருந்து அதை யாரும் தொடவே முடியாது.

13. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்புக்கு மாறிய பின், எஸ்.எம்.பி. 2, 3 தெரிந்த நாஸ்கூடச் சில வீடுகளில் திறப்பதில்லை. ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவு ஏற்கப்படாது. ஒவ்வொரு தகவலுக்கும் கையொப்பமும் கட்டாயம். நாஸில் உங்கள் பெயரில் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள், ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

14. பழைய பெட்டியைத் தனியே வையுங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததையே காரணமாகச் சொன்னது. பல நாட்கள் நோயாளிகளுக்குச் சீட்டும் பரிசோதனை முடிவும் கையால் எழுதித் தரப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வந்து அங்கே வரிசையில் நின்ற குடும்பங்களை நினைத்தால் இந்தப் பாடத்தின் கனம் புரியும்.

வீட்டிலும் பிரிக்கலாம். இன்றைய ரூட்டர்களில் 'கெஸ்ட் வைஃபை' வசதி உண்டு. டி.வி., விருந்தினர் போன், கேமரா எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய நாஸுக்கு ரூட்டரிலிருந்து இணைய வழியை அடைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும் 'கிளவுட்' வசதியையும் அணைத்துவிடுங்கள். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற வீட்டு டிஸ்க்குகள் உலகெங்கும் வெளியாட்களால் ஒரே மூச்சில் ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டன. 2015-க்குப் பிறகு அப்டேட் இல்லாத, இணையத்தில் திறந்தே கிடந்த பெட்டிகள் அவை. பலருக்குப் பல வருடப் படங்கள் ஒரே இரவில் இல்லாமல் போயின.

15. தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட் செலவாவதால் பெயர் 85 குறிகளோடு நின்றுவிடும். 'கொ' என்பதே இரண்டு குறி என்பதை நினைவில் வையுங்கள். சினாலஜி நாஸில் என்கிரிப்ட் செய்த ஃபோல்டராக இருந்தால் வரம்பு இன்னும் குறைவு, 47 குறிதான். "தாத்தா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் இரண்டாம் நாள் காலை" என்று பெயர் வைத்தால் காப்பி ஆகாமல் நிற்கும்.

அடுத்த தொல்லை மேக். பழைய மேக் டிஸ்க்குகள் 'கொ', 'கோ', 'கௌ' போன்றவற்றின் உயிர்க்குறியை இரண்டாக உடைத்துச் சேமித்தன. லினக்ஸ் அதைச் சேர்ந்த வடிவத்தோடு ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆகவே ஒரே ஃபோல்டரில் 'கொலு படங்கள்' என்று இரண்டு தெரியும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். 'கன்வ்எம்வி' என்ற லினக்ஸ் நிரல் மொத்தப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். சாதாரணமாக ஓட்டினால் எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் பார்த்துவிட்டு உண்மையாக மாற்றச் சொல்லி ஓட்டுங்கள். எஸ்.எம்.பி. மவுன்டில் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் எழுத்துமுறை விருப்பத்தில் யு.டி.எஃப்.-8 கொடுங்கள். கேள்விக்குறியாகத் தெரியும் நிலையில் எதையும் காப்பி செய்துவிடாதீர்கள். தவறான பெயரே நிலைத்துவிடும்.

16. டெல்லியின் மே, ஜூன் மாதங்களில் மின்சாரம் கண் சிமிட்டும். இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்வதற்குள் ரூட்டர் ஒருமுறை அணைந்து எழும், மவுன்ட் செய்த ஃபோல்டர் உறைந்துவிடும். எஸ்.எஸ்.ஹெச்.எஃப்.எஸ்.-இல் 'ரீகனெக்ட்' விருப்பத்தையும், பதினைந்து நொடிக்கொருமுறை சர்வர் உயிரோடிருக்கிறதா என்று விசாரிக்கும் 'சர்வர் அலைவ்' விருப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். உறைந்தே போனால் 'ஃபியூசர்மவுன்ட்' கட்டளையில் 'யு', 'இசட்' சேர்த்து விடுவிக்கலாம், கணினியை அணைக்க வேண்டியதில்லை. ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கிவிட்டால் இன்னும் நிம்மதி. நாஸைப் பரணிலோ வெயில் நேராக விழும் சுவரோரமோ வைக்க வேண்டாம். புழுதிக்காற்று வீசி ஓய்ந்ததும் அதன் காற்றுத் துளைகளைத் துடையுங்கள்.

17. எல்லாச் சமாளிப்பும் ஃபைலை வெளியே எடுக்கும்வரைதான். எடுப்பதற்கு 'ஆர்சிங்க்' சிறந்தது. எதிர்ப்பக்கத்தில் பழைய ஆர்சிங்க் இருந்தாலும் அதற்கேற்ப இறங்கிப் பேசும், பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி உண்டு. ஆர்சிங்க்கே இல்லாத சர்வரில் 'டார்' இருக்கும். எஸ்.எஸ்.ஹெச். குழாய் வழியாக டார் அனுப்புவதை இங்கே விரித்தால் ஆயிற்று. மிகப் பழைய யூனிக்ஸில்கூட இது வேலை செய்யும்.

எடுத்த பின் இரு பக்கத்திலும் செக்சம் போட்டு ஒப்பிடுங்கள். தேதியை வைத்து ஒப்பிடுவது போதாது. வெகுநாள் கவனிப்பாரற்ற சர்வரின் கடிகாரம் பல நிமிடம் பிசகியிருக்கலாம், ஃபேட் வடிவ பென்டிரைவ் இரண்டு நொடித் துல்லியத்தில்தான் நேரத்தைப் பதியும். ஃபேட்32-ல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது என்பதையும் மறக்க வேண்டாம்; கல்யாண வீடியோக்கள் இங்கேதான் மாட்டும்.

18. ஆடிட்டர் அலுவலகம்போல ஊரார் கணக்கை வைத்திருப்பவர்களுக்கு: மின்னணு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி சைபர் தாக்குதலைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அதன் மின்னஞ்சல் முகவரியைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். தாக்குதல் நடந்த நாளில் கணினியில் தேட முடியாது.

19. ஃபைல்கள் புதிய இடத்துக்கு வந்து, செக்சமும் ஒத்து, இரண்டாவது பிரதியும் எடுத்தாகிவிட்டதா? இப்போது 3-ஆம் குறிப்பில் கான்ஃபிக்கில் சேர்த்த பகுதியை அழியுங்கள். 5-ஆம் குறிப்பில் உருவாக்கிய சாவியை இரு பக்கத்திலிருந்தும் நீக்குங்கள். 12-ஆம் குறிப்பின் இடையாளில் எஸ்.எம்.பி.1 அனுமதித்த வரியை எடுங்கள். பழைய நாஸை விற்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள்.